நோயெதிர்ப்பியல் ஆய்வாளரின் வெளியீட்டுப் பட்டியல்: விடுபடாமலும் இரட்டிக்காமலும் தொகுப்பது எப்படி

வெளியீட்டுப் பட்டியல் கேட்டால் பலரும் பழைய சுயவிவரக் கோப்பைத் திறந்து, மேலே நான்கு வரி ஒட்டிவிட்டு மூடிவிடுகிறார்கள். பத்து ஆண்டு இப்படியே போனால், ஒரே கட்டுரை ப்ரீபிரிண்டாக (மதிப்பாய்வுக்கு முன் இணையத்தில் ஏற்றும் பிரதி) ஒருமுறை, ஆன்லைன் பதிப்பாக ஒருமுறை, அச்சுப் பதிப்பாக ஒருமுறை என மூன்று இடத்தில் உட்கார்ந்திருக்கும். மாநாட்டுச் சுருக்கம் ஒன்று முழுக் கட்டுரை வேடம் போட்டிருக்கும். ஒத்துழைப்பாளர் ஆய்வகம் ஐந்து ஆண்டு முன்பு வெளியிட்ட பேப்பர், எட்டாவது பெயராக உங்கள் பெயர் இருந்தும், பட்டியலிலேயே இருக்காது. நிதி விண்ணப்பத்தை மதிப்பிடுபவர் மருத்துவக் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட்டில் பெயரைத் தட்டினால் ஐந்து நிமிடத்தில் இதெல்லாம் தெரிந்துவிடும்.

தொகுப்பவர் ஆய்வாளரே ஆனாலும், அவருக்காகத் தொகுக்கும் மாணவரோ நூலகரோ ஆனாலும் முதல் விதி ஒன்றுதான்: எண் இல்லாத வரி முதன்மைப் பட்டியலில் ஏறக்கூடாது. தலைப்பு மாறும், ஆய்விதழின் பெயர்கூட மாறும், எண் மாறாது.

எந்த எண் எதற்கு

பிஎம்ஐடி என்பது பப்மெட் பதிவின் எண். வெறும் இலக்கங்கள், இன்றைக்கு எட்டு இலக்கம் வரை. பிஎம்சி எண் என்பது பப்மெட் சென்ட்ரலில் முழுக் கட்டுரையும் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்கான எண். இலக்கங்களுக்கு முன் பிஎம்சி என்ற மூன்று எழுத்து இருக்கும். அந்த மூன்றெழுத்தை விட்டுவிட்டு இலக்கத்தை மட்டும் பிஎம்ஐடி கட்டத்தில் ஒட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பிழைச் செய்தி எதுவும் வராது. அதே இலக்கம் கொண்ட, சம்பந்தமே இல்லாத வேறொரு கட்டுரை அழகாகத் திறக்கும். அதனால்தான் இந்தத் தவறு ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமல் கிடக்கிறது.

டிஓஐ என்பது கட்டுரைக்கு வெளியீட்டாளர் பதிவுசெய்யும் நிலையான இணைய எண். அது எப்போதும் 10 என்ற எண்ணும் ஒரு புள்ளியுமாகத் தொடங்கும். சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதி அதை முதலில் பதிவுசெய்தவரைக் காட்டும்: 10.1038 என்றால் நேச்சர் குடும்பம், 10.1016 என்றால் எல்செவியர், 10.1101 என்றால் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர், அதாவது பல ஆண்டுகளின் பயோஆர்க்கைவ் ப்ரீபிரிண்டுகளும் அதில் அடங்கும். 'வெளியான கட்டுரைகள்' என்ற தலைப்பின் கீழ் 10.1101 கண்ணில் பட்டால் ஒரு நொடி நின்று பாருங்கள். ப்ரீபிரிண்டாக இருக்கலாம், அதே நிறுவனத்தின் ஜீன்ஸ் அண்ட் டெவலப்மென்ட் போன்ற ஆய்விதழில் வந்த முறையான கட்டுரையாகவும் இருக்கலாம்.

டிஓஐயை நகலெடுக்கும்போது இரண்டு இடத்தில் கால் இடறும். பப்மெட் மேற்கோள் வரியிலிருந்து எடுத்தால் வாக்கியத்தின் முற்றுப்புள்ளியும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அந்த ஒரு புள்ளி போதும், இணைப்பு திறக்காது. இரண்டாவது, யூரோப்பியன் ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜியில் 1990களின் கடைசியில் வந்த கட்டுரைகள். இவற்றின் டிஓஐக்குள்ளேயே பிறை அடைப்பு, கோண அடைப்பு, அரைப்புள்ளி எல்லாம் இருக்கும். இணையப் படிவத்தில் ஒட்டினால் கோண அடைப்பை நிரல் குறியாக எண்ணி, அதற்குப் பிறகுள்ளதை விழுங்கிவிடும். அந்தக் காலத்துக் கட்டுரைகளுக்கு பிஎம்ஐடியை முதன்மை எண்ணாக வைத்துக்கொள்வது நல்லது.

பப்மெட்டில் தேடுவது

குடும்பப்பெயர், ஓர் இடைவெளி, முன்னெழுத்துகள். நடுவில் காற்புள்ளியும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம். பின்னால் சதுர அடைப்புக்குள் ஏயு என்ற குறி. 'குமார் எஸ்' என்று தேடினால் எஸ்ஆர், எஸ்பி, எஸ்கே என்று எஸ்ஸில் தொடங்கும் எல்லாக் குமார்களும் வந்து நிற்பார்கள்; பப்மெட் தானாகவே முன்னெழுத்தை நீட்டிக்கொள்ளும். பெயரை இரட்டை மேற்கோள்குறிக்குள் போட்டால் அந்த நீட்டல் நிற்கும். ஆனால் முதல் சுற்றில் மேற்கோள்குறி போடாதீர்கள். ஒரே ஆளின் பெயரை ஓர் ஆய்விதழ் ஓர் எழுத்தோடும் இன்னொன்று இரண்டு எழுத்தோடும் அச்சிடும். முதலில் அகலமாக வலை வீசி, பிறகு பொறுக்குவதே சரி.

தேடுவதற்கு முன் பெயரின் எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். திருமணத்துக்கு முன் வந்த பெயர், இடைக்கோடு போட்டதும் போடாததும், ஓ எழுத்தின் மேல் இரண்டு புள்ளி உள்ள பெயர்கள். பப்மெட் அந்தப் புள்ளிகளைப் பொருட்படுத்தாது. ஆனால் அதையே சிலர் ஓ, ஈ என இரண்டு எழுத்தாக விரித்து எழுதுவார்கள், அது தனிப் பெயராகிவிடும். குடும்பப்பெயர் இல்லாதவர்களுக்குத் தொல்லை அதிகம்: ஆய்விதழின் படிவம் எந்தப் பாதியைக் 'கடைசிப் பெயர்' கட்டத்தில் வாங்கிக்கொண்டதோ அதுவே குடும்பப்பெயராகிவிடும். பெயரைத் திருப்பிப் போட்டும் ஒருமுறை தேடவேண்டும்.

பெயர்த் தேடலில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் சில உண்டு. 1984 முதல் 1995 வரை சேர்க்கப்பட்ட பதிவுகளில் முதல் பத்து ஆசிரியர்களை மட்டுமே ஏற்றினார்கள். 1996 முதல் 1999 வரை இருபத்தைந்து பேர். 1991இல் பன்னிரண்டாவது ஆசிரியராக இருந்தவரைப் பெயரால் தேடினால் கிடைக்காமல் போவதற்குக் காரணம் இதுதான். முழு முதற்பெயர் 2002க்குப் பிறகுதான் பதிவில் வருகிறது. நிறுவனத்தின் பெயரை வைத்து வடிகட்டுவதும் பழைய கட்டுரைகளுக்கு உதவாது: 1988க்கு முன் முகவரியே ஏறவில்லை, அதன் பிறகும் நெடுங்காலம் முதல் ஆசிரியரின் முகவரி மட்டும்தான். பலர் பெயரையும் நிறுவனத்தையும் சேர்த்துத் தேடிவிட்டு, 'என் பழைய பேப்பர் எல்லாம் பப்மெட்டில் இல்லை' என்கிறார்கள். எல்லாம் இருக்கிறது, முகவரிதான் இல்லை. அப்படிப்பட்டவற்றைத் தலைப்பு வைத்தோ, ஆய்விதழ், தொகுதி, முதல் பக்கம் மூன்றையும் வைத்தோ எடுக்கவேண்டும்.

இன்னொரு வகை, கூட்டமைப்பின் பெயரில் வரும் கட்டுரைகள். இம்யூனலாஜிக்கல் ஜீனோம் புராஜெக்ட் போன்ற பெரிய கூட்டுப் பணிகளில் சிலர் ஆசிரியர் வரிசையில் இருப்பார்கள். சிலர் 'ஒத்துழைப்பாளர்கள்' என்ற தனிப் பட்டியலில் இருப்பார்கள். பப்மெட் இரண்டாமவர்களை ஆசிரியர்களாகக் காட்டாது. உங்கள் பட்டியலும் காட்டக்கூடாது. தனித் தலைப்பில் 'கூட்டமைப்பு உறுப்பினராக' என்று போடுங்கள்.

கடைசியாக, பப்மெட்டில் இருக்கிறது என்பது மெட்லைன் (பப்மெட்டுக்குள் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களின் தொகுப்பு) தேர்வுக்குழு பார்த்து ஏற்ற ஆய்விதழ் என்று பொருளாகாது. நிதி நிறுவனத்தின் விதிப்படி ஆசிரியரே பப்மெட் சென்ட்ரலில் ஏற்றும் கையெழுத்துப் பிரதிகளும் அந்தக் கூடைக்குள்தான் விழுகின்றன. ஆய்விதழ் மெட்லைனில் உண்டா என்பதை என்எல்எம் (அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம்) கேட்டலாகில் தனியாகப் பார்க்கவேண்டும்.

எக்செல் கெடுக்கும் இடங்கள்

தேடல் முடிவுகளைத் தேர்ந்தெடுத்து 'சேவ்' பொத்தானில் சிஎஸ்வி வடிவம் கேட்டால் பிஎம்ஐடி, தலைப்பு, ஆசிரியர்கள், மேற்கோள், முதல் ஆசிரியர், ஆய்விதழ், ஆண்டு, பிஎம்சி எண், டிஓஐ எல்லாம் தனித்தனிப் பத்தியாக வரும். இதுதான் முதன்மைத் தாள். அந்தக் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள்.

அப்படித் திறந்தால் நடப்பது இது. இன்டர்ஃபெரான்-காமா என்று கிரேக்க எழுத்தோடு இருந்த தலைப்பில், காமா இருந்த இடத்தில் சம்பந்தமில்லாத இரண்டு குறிகள் நிற்கும். யூனிகோடு கோப்பைப் பழைய எழுத்துத் தொகுப்பாகப் படித்ததன் விளைவு. பக்க எண்ணுக்குத் தனிப் பத்தி வைத்து 5-11 என்று இட்டால் அது தேதியாகிவிடும். ஆய்வாளரின் தனி அடையாளமான 16 இலக்க ஆர்க்கிட் எண்ணை இடைக்கோடு இல்லாமல் இட்டால் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும், ஏனென்றால் எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. அந்தக் கடைசி இடம் சரிபார்ப்பு இலக்கம் என்பதால் எண் செல்லாமல் போகும். சில ஆர்க்கிட் எண்கள் எக்ஸ் என்ற எழுத்தில் முடியும். அது தட்டச்சுப் பிழையல்ல, திருத்தாதீர்கள்.

மரபணுப் பெயர்ப் பத்தி வைத்திருந்தால் இன்னும் மோசம். எம்ஹெச்சி இரண்டாம் வகுப்பு மூலக்கூறுகளை யுபிக்விட்டின் ஏற்றிக் கீழிறக்கும் புரதத்தின் மரபணு மார்ச்1 என்றுதான் வழங்கியது. எக்செல் அதை மார்ச் முதல் தேதியாக்கிவிடும். இந்தக் கூத்து தாங்காமல்தான் மனித மரபணுப் பெயரிடல் குழு 2020இல் மார்ச் வரிசையை மார்ச்எஃப் என்றும், செப்ட் வரிசையை செப்டின் என்றும் மாற்றியது. பழைய கட்டுரையின் தலைப்பில் பழைய பெயரே இருக்கட்டும். புதுப்பெயரைத் தேடுசொல் பத்தியில் சேருங்கள்.

வழி எளிது. வெற்றுத் தாளைத் திறந்து, டேட்டா பட்டியில் உரைக் கோப்பிலிருந்து இறக்குமதி என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துத் தொகுப்பாக 65001, அதாவது யூடிஎஃப்-8ஐக் கொடுங்கள். எல்லாப் பத்திகளையும் 'டெக்ஸ்ட்' வகையாக மாற்றிய பிறகே ஏற்றுங்கள்.

கிரேக்க எழுத்துச் சிக்கலுக்கு எல்லோர் கைக்கும் பழகிய உதாரணம் ஒன்று உண்டு. ரியல்-டைம் பிசிஆர் கணக்குக்கு எல்லோரும் காட்டும் லிவாக், ஷ்மிட்ஜென் கட்டுரை, மெத்தட்ஸ் ஆய்விதழ், 2001, தொகுதி 25, பக்கம் 402–408, பிஎம்ஐடி 11846609. அச்சில் டெல்டா டெல்டா சிடி மேலெழுத்தாக இருக்கும். பப்மெட்டில் டெல்டா என்ற சொல்லையே இரண்டு முறை எழுத்துக்கூட்டி, அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். அச்சுத் தலைப்பைக் குறியோடு நகலெடுத்துத் தேடினால் தடுமாறும். பிஎம்ஐடியை இட்டால் உடனே வரும்.

ஒரே வேலைக்குப் பல முகம்

முதன்மைத் தாளில் 'வகை' என்று ஒரு பத்தி சேருங்கள்: ஆய்வுக் கட்டுரை, ரிவ்யூ, ப்ரீபிரிண்ட், மாநாட்டுச் சுருக்கம், கருத்துரை, நூல் அத்தியாயம், காப்புரிமை. எதை எங்கே போடுவது என்பதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

மாநாட்டுச் சுருக்கங்கள் நோயெதிர்ப்பியலில் குறிப்பான தொல்லை. ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜி, அமெரிக்க நோயெதிர்ப்பியலாளர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுச் சுருக்கங்களைத் துணை இதழாக வெளியிட்டு வந்தது. கூகுள் ஸ்காலர் அவற்றை முழுக் கட்டுரைகளோடு கலந்து, ஆய்விதழின் பெயரோடே காட்டும். இதழ் எண்ணுக்குப் பக்கத்தில் 'சப்ளிமெண்ட்' என்ற சொல் இருந்தாலோ, மொத்தமே ஒரு பக்கம் என்றாலோ அது சுருக்கம்தான். இதைக் கட்டுரையாக எண்ணியவர் தெரியாமல் செய்தார் என்று மதிப்பீட்டாளர் நினைப்பதில்லை.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. நேச்சரில் முன்பு 'லெட்டர்' என்று வந்தவை கடிதங்கள் அல்ல, முழு ஆய்வுக் கட்டுரைகள். ஒற்றைநகல் எதிர்ப்பொருள் செய்முறையை உலகுக்குச் சொன்ன கோலர், மில்ஸ்டீன் கட்டுரையே லெட்டர் பகுதியில் வந்த மூன்று பக்கம்தான்: நேச்சர், 1975, தொகுதி 256, பக்கம் 495–497, பிஎம்ஐடி 1172191. அதற்கு 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. ஜர்னல் ஆஃப் எக்ஸ்பெரிமென்டல் மெடிசினின் 'பிரீஃப் டெஃபினிட்டிவ் ரிப்போர்ட்' வகையும் ஆய்வுக் கட்டுரையே. பகுதியின் பெயரைப் பார்த்து வகை பிரிக்காதீர்கள். புதுத் தரவும் முறைகள் பகுதியும் இருந்தால் அது ஆய்வுக் கட்டுரை.

ப்ரீபிரிண்டுக்கு விதி: ஆய்விதழில் வந்துவிட்டால் வரி ஒன்றுதான், ப்ரீபிரிண்டின் டிஓஐ அதே வரியில் துணை எண்ணாகப் போகும். பயோஆர்க்கைவில் திருத்திய பதிப்புகள் எத்தனை ஏற்றினாலும் டிஓஐ ஒன்றே. வெளியான கட்டுரையோடு அதுவே இணைப்புப் போட்டுவிடும். ஆனால் மீளாய்வில் தலைப்பும் ஆசிரியர் வரிசையும் நிறைய மாறியிருந்தால் பொருத்தம் கிடைக்காமல் இரண்டும் தனித்தனியாக நிற்கும். அப்போது பயோஆர்க்கைவுக்கு எழுதி இணைக்கச் சொல்லவேண்டும். ஈலைஃப் ஆய்விதழில் வரும் 'மதிப்பாய்வு செய்த ப்ரீபிரிண்ட்', இறுதிப் பதிப்பு இரண்டும்கூட ஒரே வரிதான்.

ஆண்டு விஷயத்தில் ஒரே முடிவாக இருங்கள். டிசம்பரில் ஆன்லைனில் வந்து மறு ஆண்டு பிப்ரவரியில் அச்சேறிய கட்டுரைக்கு இரண்டு ஆண்டும் சரிதான். ஒன்றை எல்லா வரிக்கும் பின்பற்றினால் போதும். 'அச்சில்' என்று போட ஏற்புக் கடிதம் கையில் இருக்கவேண்டும். பரிசீலனையில் இருப்பதற்கு ஆய்விதழின் பெயரைப் போடாதீர்கள்; செல் ஆய்விதழுக்கு அனுப்ப யாருக்கும் தடையில்லை.

ஆய்விதழ்ப் பெயரை என்எல்எம் சுருக்கப்படி எழுதுங்கள், கையால் சுருக்காதீர்கள். மாலிக்யூலர் இம்யூனாலஜி வேறு, செல்லுலர் அண்ட் மாலிக்யூலர் இம்யூனாலஜி வேறு. மாலிக்யூலர் செல் வேறு, மாலிக்யூலர் அண்ட் செல்லுலர் பயாலஜி வேறு. இம்யூனிட்டி, இம்யூனாலஜி, ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜி மூன்றும் மூன்று ஆய்விதழ்கள்.

ஆசிரியர் வரிசை

இந்தத் துறையில் வரிசை அகரவரிசை அல்ல. முதல் இடம் சோதனைகளைக் கையால் செய்தவருக்கு, கடைசி இடம் ஆய்வகத்தை நடத்துபவருக்கு. இடையில் உள்ளவரின் பங்கு வெளியே தெரிவதில்லை. அதனால் முதன்மைத் தாளில் 'இடம்' என்று ஒரு பத்தி: 3/14 என்றால் பதினான்கில் மூன்றாவது. (இதையும் எக்செல் தேதியாக்கும், டெக்ஸ்ட் வகை மறக்கவேண்டாம்.) பக்கத்தில் 'பங்கு' பத்தி: எந்தப் படம், எந்தச் சோதனை. 'ஃப்ளோ சைட்டோமெட்ரி பேனல் வடிவமைப்பு, படம் 2, 4' என்ற அளவில் எழுதினால் போதும். 'ஆய்வில் பங்களித்தார்' என்பது எதையும் சொல்லவில்லை. ஆய்விதழ்கள் கேட்கும் கிரெடிட் வகைப்பாட்டில் 14 பங்குகள் உண்டு. வெளியான கட்டுரையின் இறுதியில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதையே எடுங்கள். பின்னாளில் பெரிதாக்கினால் ஒப்பிட்டுப் பார்க்க ஆவணம் அங்கேயே இருக்கிறது.

சமப் பங்களிப்பு என்றால் இருவர் பெயரிலும் நட்சத்திரம் போட்டு, அடியில் விளக்கம். வரிசையை மாற்றி உங்கள் பெயரை முன்னால் கொண்டுவராதீர்கள். எண்ணைத் தட்டியவுடன் அச்சான வரிசை தெரிந்துவிடும். உங்கள் பெயரைத் தடித்த எழுத்தில் காட்டினாலே கண் அங்கே போகும். வான்கூவர் பாணியில் ஆறு பேருக்கு மேல் 'முதலியோர்' என்று முடிந்துவிடும் என்பதால், ஒன்பதாவது ஆசிரியரின் பெயரே காணாமல் போகும். சுயவிவரத்துக்கு எல்லாப் பெயரையும் எழுதுங்கள்.

எண்ணிக்கைகள்

ஹெச்-எண்ணைக் கையால் பார்க்கலாம். ஹெச்-எண் 6 என்றால் ஆறு கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது ஆறு மேற்கோள் பெற்றிருக்கின்றன என்று பொருள். மேற்கோள் எண்ணிக்கையை இறங்குவரிசையில் அடுக்குங்கள்: 48, 31, 17, 12, 9, 6, 6, 3, 1. ஆறாவது கட்டுரைக்கு 6 மேற்கோள், சரி. ஏழாவதுக்கும் 6 தான், ஏழு எட்டவில்லை. ஹெச்-எண் 6. இதே ஆளுக்கு கூகுள் ஸ்காலர் பெரும்பாலும் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் அது ஆய்வேடுகள், ப்ரீபிரிண்டுகளில் வரும் மேற்கோள்களையும் எண்ணும். எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி என்று குறிக்காத ஹெச்-எண்ணுக்குப் பொருளில்லை.

இம்பாக்ட் ஃபேக்டரைக் கட்டுரைக்குக் கட்டுரை எழுதி, கூட்டி, சராசரி போடும் பழக்கத்தை விட்டுவிடலாம். அது ஆய்விதழின் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகள் இந்த ஆண்டு பெற்ற மேற்கோள்களின் சராசரி. ரிவ்யூ அதிகம் வெளியிடும் ஆய்விதழில் தானாகவே ஏறும். 2013இல் வந்த சான் பிரான்சிஸ்கோ அறிக்கை தனிமனிதரை இதைக்கொண்டு எடைபோட வேண்டாம் என்றே கேட்டுக்கொண்டது. கட்டுரை அளவில் ஓர் எண் வேண்டுமானால் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான என்ஐஹெச்சின் ஐசைட் தளத்தில் பிஎம்ஐடிகளை மொத்தமாக ஒட்டுங்கள். துறைக்கும் ஆண்டுக்கும் ஏற்பச் சீர்செய்த ஒப்பீட்டு விகிதம் வரும். 1.0 என்பது என்ஐஹெச் நிதி பெற்ற கட்டுரைகளின் இடைநிலை. புதிய கட்டுரைக்கு இந்த எண்ணும் நிலையில்லாதது.

தரவு, திருத்தம், திரும்பப் பெறல்

ஒவ்வொரு கட்டுரைக்கும் தரவு எண்ணைப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்: ஜியோ என்ற மரபணுத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றிய ஆர்என்ஏ வரிசைத் தரவு, பிடிபி என்ற புரத வடிவக் களஞ்சியத்தின் எண், ஆட்ஜீன் என்ற பிளாஸ்மிட் களஞ்சியத்தில் கொடுத்த பிளாஸ்மிட். இணைப்பை வெளியாள்போல், கணக்கிலிருந்து வெளியேறிய உலாவியில் திறந்து பாருங்கள். கட்டுரை வெளியான பிறகும் ஜியோ பதிவு 'தனிப்பட்டது' என்ற நிலையிலேயே கிடப்பது அடிக்கடி காணும் பிழை. ஏற்றியபோது தள்ளிப்போட்ட தேதியை யாரும் முன்னால் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். ஏற்றியவரின் கணக்கிலிருந்து ஒரே நிமிடத்தில் மாற்றலாம். அந்த மாணவர் ஆய்வகத்தை விட்டுப் போயிருந்தால் கடவுச்சொல்லைத் தேடுவதிலேயே ஒரு வாரம் போகும்.

பிழைதிருத்தம் வெளியாகியிருந்தால் மூலக் கட்டுரையின் வரியிலேயே 'திருத்தம்' என்று அதன் பிஎம்ஐடியோடு சேருங்கள். தனி வெளியீடாக எண்ணாதீர்கள். திரும்பப் பெற்ற கட்டுரையைச் சத்தமில்லாமல் நீக்கிவிடுவது மிக மோசமான முடிவு. 'திரும்பப் பெறப்பட்டது' என்று ஆண்டோடும் அறிவிப்பின் எண்ணோடும் தனியாகக் காட்டுங்கள். திரும்பப் பெற்ற கட்டுரைகளைத் திரட்டும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளம் 2023 முதல் டிஓஐ பதிவு நிறுவனமான கிராஸ்ரெஃப் கையில், எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

பொதுப் பக்கங்கள்

முதன்மைத் தாள் சுத்தமான பிறகுதான் ஆர்க்கிட்டுக்குப் போகவேண்டும். யூரோப் பிஎம்சி, கிராஸ்ரெஃப் இரண்டின் வழியாகவும் இறக்கலாம். ஒரே டிஓஐ இருந்தால் ஆர்க்கிட் இரண்டையும் ஒரே கட்டாக அடுக்கிக்கொள்ளும், கையால் டிஓஐ இல்லாமல் சேர்த்த வரி மட்டும் தனியே தொங்கும். பதிவில் நிறுவன மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் சேருங்கள், வேலை மாறினால் உள்ளே போக அதுதான் வழி. கிராஸ்ரெஃப்புக்குத் தானியங்கு அனுமதி கொடுத்தால், ஆர்க்கிட் எண்ணோடு சமர்ப்பித்த புதிய கட்டுரைகள் தாமாகவே ஏறும்.

கூகுள் ஸ்காலரில் தானாகச் சேர்க்கும் வசதியை அணைத்து, 'மின்னஞ்சலில் கேள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பொதுவான பெயருள்ளவரின் பக்கத்தில் அடுத்தவரின் கட்டுரைகள் ஏறுவது இங்கிருந்துதான்.

பப்மெட் பதிவில் பெயர் தவறாக இருந்தால் முதலில் கட்டுரையின் பிடிஎஃப்பைப் பாருங்கள். அங்கே சரியாக இருந்து பப்மெட்டில் மட்டும் தவறென்றால், ஆய்விதழின் வெளியீட்டாளருக்கு பிஎம்ஐடியோடு எழுதுங்கள். தரவை அனுப்பியவர்கள் அவர்கள், திருத்தும் வசதியும் அவர்களிடம்தான். பிடிஎஃப்பிலேயே தவறென்றால் முறையான பிழைதிருத்தம் கேட்கவேண்டும், அதற்குப் பெரும்பாலும் எல்லா ஆசிரியர்களின் ஒப்புதலையும் கேட்பார்கள். ப்ரூஃப் வரும் நாளில் பெயர்க் கட்டத்தை எழுத்தெழுத்தாகப் பார்ப்பது இதைவிட எவ்வளவோ மலிவு.